முழங்காலுக்குள்ள கிடந்த பீஸ்

எங்கட பக்கம் பீஸ் எண்டால் ஒரே ஒரு அர்த்தம்தான். கேக் பீஸ், பிளவுஸ் பீஸ் எல்லாம் பட்டணத்துச் சனத்துக்கு. முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம் குடியிருக்கிற எங்களுக்குப் பீஸ் எண்டால் ஷெல் வெடிச்சுச் சிதறின இரும்புத் துண்டு. ஆரின்ரயோ உடம்புக்குள்ள போய், வெளியில வராமல் அங்கயே தங்கின துண்டு. பக்கத்து வளவு மாமாவுக்குப் பிடரியில ஒண்டு. கடைக்கார அன்ரிக்குத் தொடையில. எங்கட அப்பாவுக்கு முதுகில கிடக்கிறது தடவினால் உளுந்து மாதிரித் தட்டுப்படும். கலியாண வீட்டில பந்திக்குக் காத்திருக்கேக்கையும் சனம் இதைத்தான் கதைக்கும். "என்ர பீஸ் காலமையில இருந்து குத்துது, மழைதான்" எண்டு மாமா சொன்னால் அப்பா உடனே எழும்பிப்போய் நெல்லை மூடுவார். ரேடியோவில சொல்லுற வானிலையை எங்கட வீட்டில ஆரும் நம்புறேல்லை.

பீஸைப் பற்றி எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம் ஒண்டு இருந்தது. தொடக்கூடாது. அந்த நேரம் டொக்டர்மாரே அப்பிடித்தான் சொல்லி அனுப்பினவை. எடுக்கப் போனால் நரம்பு போயிடும், விட்டால் அது தன்பாட்டில கிடக்கும். பீஸோட சனம் வயல் உழுதது, பிள்ளை பெத்தது, ஒட்டுசுட்டான் சந்தைக்குச் சைக்கிள் ஓடினது. ஒருத்தரும் அதுக்காக வேலையை விட்டிட்டுப் படுத்ததில்லை.

இந்தச் சட்டம்தான் என்ர முழங்காலைத் திண்டது.

எனக்கு இப்ப இருபத்தொரு வயசு. படி ஏறினால் ஒரு காலை வச்சு, மற்றக் காலை இழுத்து அதே படியில வச்சுத்தான் ஏறுவன். வவுனியாவில நான் படிக்கிற இடத்தில பெடியள் கேப்பினம், "உமக்கும் பீஸோ?" எண்டு. வன்னிப் பிள்ளை நொண்டினால் வேற என்ன கேக்கிறது. "இல்லையடாப்பா, டான்ஸ் ஆடி வந்தது" எண்டால் பகிடி விடுறன் எண்டு நினைச்சுச் சிரிப்பினம். எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வரும். கோபம் எனக்கு அம்மாவிட்ட இருந்து வந்தது, அது பரவாயில்லை. மற்றதுகளைப் பற்றித்தான் எழுதப்போறன்.

எனக்கொரு அக்கா இருந்தவா. சண்டையின்ர கடைசி நாட்களில, கடற்கரை மணலுக்குள்ள வெட்டின பங்கரில நாங்கள் கிடக்கேக்க, வாசலில ஷெல் விழுந்தது. எனக்கு அப்ப அஞ்சு வயசு, அக்காவுக்குப் பத்து. அக்கா எனக்கு மேல கவிண்டு கிடந்தவா. அம்மா அக்காவைப் பிரட்டிப்போட்டு என்னைத் தூக்கேக்க என்ர இடது முழங்கால் முழுக்க இரத்தம். அதில ஒரு தழும்பு இருக்கு, புளியங்கொட்டை அளவில. அக்காவுக்கு உயிர் இல்லை. இதுக்கு மேல நான் விவரிக்க மாட்டன், கேக்காதேங்கோ. அம்மாவே விவரிச்சதில்லை.

அக்காவின்ர முகம் எனக்கு ஞாபகம் இல்லை. படம் ஒண்டும் மிஞ்சேல்லை. ஞாபகம் இருக்கிறது பங்கு மட்டும்தான். வீட்டில எது வந்தாலும், பணிஸ் எண்டாலும் பிஸ்கற் எண்டாலும், அம்மா ரெண்டாப் பிச்சுத்தான் தருவா. அக்கா எப்பவும் பெரிய பாதியைப் பறிச்சுக்கொண்டு ஓடுவா. சில நேரம் ரெண்டு பாதியையும் கொண்டு ஓடுவா. நான் நிலத்தில விழுந்து கத்துவன். அம்மா அகப்பைக்காம்போட கலைச்சுக்கொண்டு போவா, "எடியே கள்ளி, தங்கச்சிக்கும் பங்கு குடடி!" எண்டு. அந்தச் சத்தம் இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு.

இப்பவும் அம்மா பணிஸைப் பிச்சுத்தான் சாப்பாட்டுக் கோப்பையில வைப்பா. ஒரு பாதி எனக்கு. மற்றப் பாதி கோப்பையிலயே கிடக்கும். பொழுதுபட அதைக் கோழிக்குப் போடுவா. அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒண்டும் கேக்கிறேல்லை.

நான் டான்ஸுக்குப் போகத் தொடங்கினது எட்டு வயசில. கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில வகுப்பு. ரீச்சர் தண்ணீரூற்றில இருந்து ஸ்கூட்டியில வருவா, வெயிலுக்குத் துவாயால முகத்தைச் சுத்திக் கட்டிக்கொண்டு. முதலில சீமெந்து நிலம்தான். பிறகு ஆரோ வெளிநாட்டுக்காரர் உதவி செய்து வெள்ளை ரைல்ஸ் போட்டினம். எங்களுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேலாமல் போச்சு. ரைல்ஸில உள்ளங்காலை அடிச்சால் சத்தம் என்ன மாதிரி வரும் எண்டுறியள்! ரீச்சருக்கும் சத்தம் வேணும். "ஆடுறது ஒட்டுசுட்டான் வரைக்கும் கேக்கவேணும்" எண்டு சொல்லி, தட்டுக்கழியைப் பலகையில போட்டு அடிப்பா. முழங்கால் ரெண்டையும் பக்கவாட்டில விரிச்சுப் பாதி இருந்து ஆடுறது அரைமண்டி. குதிக்கால் தூக்கி முழுக்கக் குந்திறது முழுமண்டி. அரைமண்டியில என்னைப்போல தாழ்ந்து இருக்க ஒருத்தியாலும் ஏலாது. முழுமண்டியில இருந்து துள்ளி எழும்புறதும் நான்தான். பெருமைக்குச் சொல்லேல்லை. இனி ஏலாது எண்டபடியால் சொல்லுறன்.

பதினாலு வயசில இடது முழங்கால் நோகத் தொடங்கினது. முதலில ஆடி முடிஞ்சாப் பிறகு ஒரு கடுப்பு. பேந்து பள்ளிக்கூடத்தில கதிரையை விட்டு எழும்பேக்கையும். பிறகு வீங்கினது. அதுக்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. நான் காலை மடக்கி நிமித்தேக்க உள்ளுக்குள்ள "டக்" எண்டும். சின்னச் சத்தம்தான். ஆனால் குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டிருக்கிற அம்மாவின்ர கை அப்பிடியே நிண்டிடும். பிறகு கொஞ்ச நேரம் துருவுற சத்தமே வராது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவா. அங்க ஒரு இளம் டொக்டர், தெற்குப் பக்கத்துச் சிங்களப் பெடியன். தமிழை உடைச்சு உடைச்சு எண்டாலும் சிரிச்ச முகத்தோட கதைச்சார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினார். தொடை எலும்பின்ர அடியில, கறுப்புக்கு நடுவில, ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. "அம்மா, இங்க பாருங்க. முழங்காலுக்குள்ள ஒரு பீஸ். இது கொஞ்சம் லூஸ் ஆகுது. டான்ஸ் வேண்டாம். ஓடவும் வேண்டாம். மூணு மாசம் பிறகு வாங்க, கட்டாயம் வாங்க."

அந்த மனிசன் எலும்பிலயும் குருத்தெலும்பிலயும் இருந்து கழருற துண்டைச் சொன்னார். அதுக்குத் தமிழில என்ன சொல்லு எண்டு அவருக்குத் தெரியேல்லை. பீஸ் எண்டார். ஆரின்ர முகத்துக்கு முன்னால என்ன சொல்லைச் சொல்லுறன் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? அவரிலயும் பிழை இல்லை. அம்மா ஒரு சொல்லைத்தான் கேட்டா. மிச்சம் ஒண்டும் அவாவின்ர காதில ஏறேல்லை. அந்த வெள்ளைத் துண்டையே பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு கையை நீட்டி அந்தப் படத்தில, அந்த இடத்தில, விரலை வச்சா. டொக்டர் படத்தைக் கொண்டுபோங்கோ எண்டு குடுத்திட்டார்.

பஸ்ஸில அம்மா படத்தை மடியில வச்சு, காத்து அடிக்காமல் சீலைத் தலைப்பால மூடிக்கொண்டு வந்தா. வீட்டு வாசலில அப்பா லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினைத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.

"என்னவாம்?"

"அக்காவின்ர பீஸ்" எண்டா அம்மா. "எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்குள்ளால வந்து இவளுக்குள்ள இருந்திருக்கு. இவ்வளவு நாளும் சத்தம் போடாமல் இருந்திருக்கிறாள்."

அப்பா என்னைப் பாத்தார். "ஆட வேண்டாம் எண்டவரோ?"

"ஓம்" எண்டன் நான்.

"உங்கட முதுகில கிடக்கிறதோட நீங்கள் நெல்லு மூட்டை தூக்கேல்லையோ?" அம்மா பாய்ஞ்சு விழுந்தா. "மாமா மாடு மேய்க்கேல்லையோ? அது தன்பாட்டில கிடக்கும். ஒருத்தரும் அதில கை வைக்கிறேல்லை."

அப்பா வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தவர், பிறகு துணியைப் பிழிஞ்சு காயப்போட்டிட்டு வாய்க்கால் பக்கம் போயிட்டார். அவர் என்ன சொல்ல வந்தவர் எண்டு எனக்குக் கனகாலத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

எனக்கு அந்த நேரம் அம்மாவின்ர தீர்ப்பு தேன் குடிச்ச மாதிரி. ஆடலாம் எண்டு சொன்னால் ஆர் மாட்டன் எண்டுறது! வகுப்பில எனக்கு மரியாதையும் கூடிப்போச்சு. "பீஸோட ஆடுறாள்" எண்டு சின்னப் பிள்ளையள் வந்து முழங்காலைத் தொட்டுப் பாப்பினம். ரீச்சரும் பாவம், அவாவின்ர தோளிலயும் ஒண்டு இருந்தது. "நோகேக்க இரு, நோகாட்டில் ஆடு" எண்டு சொன்னா. எனக்கு எப்பவும் நோகாட்டில்தான்.

அந்த நாளில இருந்து அம்மா பின்னேரத்தில என்ர முழங்காலுக்கு எண்ணெய் பூசத் தொடங்கினா. விளக்கு வச்சாப் பிறகு நான் காலை நீட்டிக்கொண்டு ரீவி பாப்பன். அம்மா பக்கத்தில இருந்து நல்லெண்ணெய் போட்டு உருவுவா. உருவேக்க ஏதோ மெல்லமாக் கதைப்பா. முதலில என்னோட எண்டு நினைச்சன். "என்னம்மா?" எண்டால் "உன்னோட இல்லை, நீ ரீவியைப் பார்" எண்டுவா. பிறகுதான் விளங்கினது. முழங்காலோட கதைக்கிறா. ஊர்ப் புதினம்தான் எல்லாம். இண்டைக்குக் கிணத்துக்குள்ள பூனை விழுந்தது, அப்பா மண்வெட்டியைத் துலைச்சிட்டார், மாமா வீட்டு மாமரத்தை ஆனை முறிச்சுப்போட்டுது. தூரத்தில படிக்கிற பிள்ளைக்கு ரெலிபோனில சொல்லுற மாதிரி.

கொஞ்சக் காலத்தில அந்தத் துண்டு முழுக்கக் கழண்டிருக்க வேணும். ஏனெண்டால் அது நடமாடத் தொடங்கினது. ஒரு நாள் முழங்கால் சிரட்டைக்கு வலப்பக்கம் தோலுக்குக் கீழ விரலுக்குத் தட்டுப்படும். அமத்தினால் வழுக்கி உள்ள போயிடும். அடுத்த நாள் இடப்பக்கம் வந்து நிக்கும். சில நாள் எங்க தேடினாலும் இல்லை. அம்மா ரெண்டு விரலால தேடுவா. கண்டுபிடிச்சால் முகம் மலரும். "இஞ்ச நிக்கிறாள். ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறாள், பாரன்!" எண்டு எனக்குக் காட்டுவா. எனக்கு உடம்பெல்லாம் கூசும். சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியாது.

ஒரு நாள் தாங்கேலாமல் கத்திப்போட்டன். "அம்மா, அது என்ர கால்! உங்கட பிள்ளையை வச்சிருக்கிற அலுமாரி இல்லை!"

அம்மா கையை எடுத்தா. எண்ணெய்ப் போத்தலை மூடி வச்சிட்டுப் போய்க் குசினிக்குள்ள இருந்தா. நான் ரீவியைப் பாத்துக்கொண்டு இருந்தன், என்ன படம் ஓடினது எண்டு எனக்குத் தெரியாது. கடைசியில நானே போய், காலை அம்மாவின்ர மடியில தூக்கிப் போட்டன். வேற என்ன செய்யிறது. அதுக்குப் பிறகு நான் தனிய இருக்கேக்கையும் விரலால தேடத் தொடங்கினன். கணக்குப் பாடம் நடக்கேக்க மேசைக்குக் கீழ கையை விட்டு, எங்க நிக்கிறா எண்டு பாப்பன். அது தட்டுப்படாத நாளில எனக்கு ஒரு பயம் வரும். அந்தப் பயத்தை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. என்னை விசர் எண்டு நினைச்சால் நினைச்சுக்கொள்ளுங்கோ.

அடுத்த வருசம் மாகாணப் போட்டி, கிளிநொச்சியில. குழு நடனம். கடைசியில எல்லாரும் முழுமண்டியில குந்தி, கைகளைத் தலைக்கு மேல கூப்பி, பிறகு ஒண்டாத் துள்ளி எழும்பவேணும். குந்தினம். தாளம் வந்தது. மற்றவை எழும்பினவை. என்னால ஏலேல்லை. முழங்கால் பூட்டின மாதிரி இறுகிப்போச்சு. கதவிடுக்குக்குள்ள விரல் அம்பிட்ட மாதிரி, உள்ளுக்குள்ள ஏதோ இறுகக் கடிச்சுப் பிடிச்சுக்கொண்டிருக்கு. நோவெண்டால் கண்ணுக்குள்ள வெள்ளை அடிக்குது. முகத்தில மட்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பழக்கின ரீச்சருக்கு நான் என்ன சொல்ல.

எனக்குப் பின்னால நிண்ட பிள்ளை கெட்டிக்காரி. டக்கெண்டு என்னைச் சுத்தி ஒரு வட்டம் வந்தாள். மற்றவையும் விளங்கிக்கொண்டு சுத்தத் தொடங்கினவை. சனம் இதுவும் ஆட்டத்தில ஒரு பகுதி எண்டு நினைச்சுக் கை தட்டினது. ரீச்சர் மேடைக்குப் பக்கத்தில இருந்து அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுறா. நான் கை கூப்பிக்கொண்டு நடுவில குந்தியிருக்கிறன், கண்ணால தண்ணி வழியுது. பக்திக்கு அழுறன் எண்டு இன்னும் பலமாத் தட்டினவை.

அப்பதான் சனத்துக்கு நடுவில அம்மா எழும்பினா. மண்டபம் முழுக்கக் கேக்கக் கத்தினா.

"விடடி அவளை! விடடி எண்டுறன்!"

கைதட்டல் நிண்டது. ரீச்சர் பாட்டை நிப்பாட்டினா. நான் பக்கவாட்டில சரிஞ்சு விழுந்தன்.

அம்மா ரீச்சரை மரியாதையில்லாமல் "விடடி" எண்டு கதைச்சிட்டா எண்டுதான் ஊர் முழுக்கக் கதை. ரீச்சருக்கும் அதுதான் கவலை. "நான் பிடிச்சு வச்சோ ஆட விட்டனான்?" எண்டு அழுதவா. பிறகு எங்கட வீட்டுப் பக்கமே வரேல்லை. அம்மா ஆருக்குக் கத்தினவா எண்டு எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதை எப்பிடி ரீச்சருக்கு விளங்கப்படுத்திறது?

இந்த முறை அப்பா அம்மாவைக் கேக்கேல்லை. நேரா யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். அம்மா பழைய எக்ஸ்ரே படத்தைக் கையில வச்சுக்கொண்டு வந்தா. எலும்பு டொக்டர் ஒரு பொம்பிளை. கண்ணாடி போட்ட, நேரமில்லாத முகம். புதுசா ஒரு எக்ஸ்ரே எடுத்திட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினா. ஸ்கான் அறை வாசலில நிண்ட பெடியன் கேட்டார், "பிள்ளையின்ர உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ?"

"ஓம்" எண்டா அம்மா, நான் வாய் திறக்க முதல். "முழங்காலுக்குள்ள பீஸ் இருக்கு."

அந்தப் பெடியன் ரெண்டு கையையும் தூக்கிப்போட்டார். உந்த மெஷின் பெரிய காந்தமாம், இரும்பு இருந்தால் உள்ளுக்குள்ளயே இழுத்துக் கிழிச்சிடுமாம், உள்ள விடேலாதாம். திருப்பி டொக்டரிட்ட அனுப்பினார். டொக்டருக்குக் கோபம் எண்டால் கோபம்.

"ஆர் சொன்னது இரும்பு எண்டு?"

அம்மா பழைய படத்தை நீட்டினா. "முந்தின டொக்டர் சொன்னவர். பீஸ் எண்டு."

அவா படத்தை வாங்கினா. பாத்தா. பிறகு அம்மாவையும் பாத்தா. அவாவும் எங்கட ஆள்தானே, விளங்கியிருக்க வேணும். கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சா. குரல் மாறிப்போச்சு.

"அம்மா, இஞ்ச வந்து பக்கத்தில இருங்கோ. இரும்பு எண்டால் படத்தில பளிச்செண்டு, கூரா, எலும்பை விட வெள்ளையாத் தெரியும். இது பாருங்கோ, எலும்பின்ர நிறம்தான். இது உங்கட மகளின்ர சொந்த எலும்புதான். மேல குருத்தெலும்பு ஒட்டியிருக்கு. திருப்பித் திருப்பிக் கடும் நிலத்தில குதிச்சு, குந்தி எழும்ப, வளருற வயசில சில பிள்ளையளுக்குக் குருத்தெலும்புக்குக் கீழ இருக்கிற எலும்பு இரத்த ஓட்டம் குறைஞ்சு வெடிக்கும். பிறகு கழண்டு முழங்காலுக்குள்ள ஓடித்திரியும். ஆடுற பிள்ளையளுக்கு வரும், ஓடுற பிள்ளையளுக்கு வரும். கொழும்புப் பிள்ளைக்கும் வரும், லண்டன் பிள்ளைக்கும் வரும். சண்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

சண்டைக்குச் சம்பந்தம் இல்லாத வருத்தம்! எங்கட வீட்டுக்கு அப்பிடி ஒண்டு வரும் எண்டு நான் நினைச்சதே இல்லை. அப்பாவின்ர முதுகு, அம்மாவின்ர நித்திரை, முற்றத்தில தென்னை இல்லாதது, எல்லாத்துக்கும் காரணம் அதுதானே. இது மட்டும் என்ர வருத்தமாம். எனக்குச் சந்தோசப்பட வேணும் போலவும் இருந்தது, கையில இருந்ததை ஆரோ பறிச்சது போலவும் இருந்தது.

"முதல் படம் எடுக்கேக்க இது அரைவாசி ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கு" எண்டு அவா மெல்லச் சொன்னா. "அந்த நேரம் ஆடாமல் இருந்திருந்தால் தானே பொருந்தியிருக்கக் கூடும்." இப்ப ஓரமெல்லாம் தேஞ்சுபோச்சாம், திருப்பிப் பொருத்தேலாதாம். எடுத்துப் போடத்தான் வேணும். எடுத்தால் எலும்பில ஒரு குழி மிஞ்சும். நடக்கலாம். முழுமண்டி இனி இல்லை.

நான் அழுதன். அந்த அறையில, எல்லாருக்கும் முன்னால, சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தி அழுதன். அப்பா என்ர தலையைப் பிடிச்சு வயித்தோட வச்சுக்கொண்டார். அம்மா அழேல்லை. அவா அந்தப் படத்தை இன்னும் விடேல்லை.

"உங்களுக்கும் பிழைக்கும்தானே டொக்டர்" எண்டா. "எடுங்கோ. எடுத்து என்ர கையில தாங்கோ. நான் பாக்கவேணும்."

டொக்டர் சொல்லு தவறேல்லை. முழங்காலில சின்ன ஓட்டை போட்டு எடுத்து, ஒரு சின்னப் போத்தலுக்குள்ள போட்டுத் தந்தா.

வீட்டுக்கு வந்து இறங்கினது பின்னேரத் தேத்தண்ணி நேரம். என்னைக் கதிரையில இருத்தி, காலைத் தலையணையில நீட்டி வச்சிட்டு, அம்மா பிளேன்ரீ ஊத்தினா. வரேக்க வாங்கின பணிஸை ரெண்டாப் பிச்சுக் கோப்பையில வச்சா. பிறகு போத்தலைத் திறந்து அந்தத் துண்டை உள்ளங்கையில கொட்டினா. சின்னி விரல் நகம் அளவு இருக்கும். ஒரு பக்கம் வழுவழு எண்டு மஞ்சள் வெள்ளை, மற்றப் பக்கம் சொரசொரப்பு. இவ்வளவுதானோ எண்டு எனக்கு இருந்தது. இதோடயோ நாங்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினனாங்கள்?

அம்மா எழும்பிப்போய் விறாந்தை மூலையில தொங்கின காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தா. அது ஒரு பழைய ஸ்பீக்கரில இருந்து கழட்டினது. திரும்பி வந்து குடியேறின புதுசில அப்பா அதைக் கயித்தில கட்டி வளவு முழுக்க இழுத்துக்கொண்டு திரிஞ்சவர், எங்கட காலில குத்தாமல் இருக்க. மண்ணுக்குள்ள கிடந்த பீஸெல்லாம் டக்கு டக்கெண்டு பாய்ஞ்சு வந்து அதில ஒட்டும். பீஸ் காந்தத்துக்கு எப்பிடிப் பாயும் எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

அம்மா காந்தத்தை உள்ளங்கைக்குக் கிட்டக் கொண்டுபோனா. துண்டு அசையேல்லை. இன்னும் கிட்ட. மேல வச்சு முட்டிப் பாத்தா. தூக்கினா. காந்தம் மட்டும் வந்தது, துண்டு கையிலயே கிடந்தது. பிரட்டி வச்சுப் பாத்தா. சீலையால துடைச்சிட்டுப் பாத்தா. எனக்குப் பாக்கேலாமல் இருந்தது. "காணும் அம்மா, விடுங்கோ" எண்டன்.

"அப்ப தழும்பு?" அம்மா அப்பாவைப் பாத்துத்தான் கேட்டா. "இவளின்ர முழங்காலால இரத்தம் வடிஞ்சதே. நான் கண்டனான்."

அப்பா வாசல்படியில இருந்தவர், திரும்பேல்லை. "அது முதல்நாள் பின்னேரம் உடைஞ்சது. தண்ணிக்கு என்னோட ஓடி வரேக்க, தறப்பாள் கூடாரம் கட்டின கட்டையில தடக்கி விழுந்தவள். நான்தான் துணி கட்டினனான்." பிறகு சொன்னார்: "அண்டைக்கு இவளில இருந்த இரத்தம் இவளின்ர இல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அதைப் பிடிச்சுக்கொண்டுதானே இருந்தனி" எண்டார் அப்பா. "எப்பிடிச் சொல்லுறது."

அம்மா கதிரையில இருந்தா. கனநேரம் அந்தத் துண்டைப் பாத்துக்கொண்டு இருந்தா. வெளியில கோழிகள் கோப்பையை எதிர்பாத்து வாசலில நிண்டு கொக்கரிச்சுதுகள். அம்மா நிமிந்து என்னைப் பாத்தா. அழப்போறா எண்டு நினைச்சன். சிரிச்சா. அது சிரிப்போ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

"கள்ளி" எண்டா. "உனக்கு ஒரு துண்டுகூடத் தராமல் முழுக்கத் தானே எடுத்திட்டாளடி."

பிறகு கோப்பையை இழுத்து, பணிஸின்ர ரெண்டு பாதியையும் எனக்கு முன்னால வச்சு, "சாப்பிடு" எண்டா. நான் ரெண்டையும் சாப்பிட்டன்.